மலைக்கு மனுப் போடுவது எப்படி?

உங்கள் ஊரை ஒட்டி ஒரு குன்று, அதன் அடியில் ஏரி, கரைமேல் ஓர் அம்மன். இந்த மூன்றும் இருந்தால் வாழ்த்துகள். உத்திரமேரூர் வட்டாரத்தில் இவை மூன்றும் உள்ள ஊருக்குக் கூடிய சீக்கிரம் ஒரு வெள்ளைக் கார் வரும். இறங்குகிறவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேராகக் கோயிலுக்குப் போவார். கும்பாபிஷேகம் நடந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று உருக்கமாக விசாரிப்பார். அம்மனுக்கு வெள்ளிக் கவசம் வருகிறது என்றால், அவள் உட்கார்ந்திருக்கும் பாறைக்கு அளவெடுத்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். கவசத்தை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அடுத்த ஆடிக்குள் வெடிச் சத்தத்துக்கும் வேட்டுச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள். நீங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைக்கும் மலைக்கு அங்கே ‘கல்லாங்குத்து’ என்று பெயர். அம்மன் பெயர் இருக்காது. அவளிடம் பட்டா கிடையாது, ஆதார் கிடையாது.

அடுத்தது அளவு. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரி கூடாது, ஏரிக்கும் கால்வாய்க்கும் 50 மீட்டர் விட வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகள் சொல்கின்றன. நீங்கள் டேப் பிடித்தால் 280 வரும். அவர்கள் பிடித்தால் 310 வரும். இடையில் இருக்கும் உங்கள் வீடு மாட்டுக்கொட்டகை ஆகிவிடும். டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள்.

5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்துப் பாறைகள் 4.95 ஹெக்டேர் அளவில் விளைகின்றன. ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைக் கூட்டி 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் போட்டே ஆக வேண்டும். ஆகவே அண்டை அயல் பள்ளங்களையும் எண்ணிவையுங்கள். அண்ணன் பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, பக்கத்திலேயே மூன்றாவது என்று குடும்பப் பாசம் பொங்கும்.

கூட்டம் என்றால் பந்தல், நாற்காலி, மோர். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, 30 நாள் முன்னறிவிப்பும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் வீடியோப் பதிவும் கட்டாயம் என்கிறது. சுருக்கத்தில் உயிரினப் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். நாய், காகம், வேப்பமரம் என்று போட்டிருப்பார்கள், மயிலைக் காணோம். நீங்கள் எழுந்து பேசும்போது மலைப்பக்கம் இருந்து மயில் அகவும். “ஐயா, அதையும் வீடியோவில் பதியுங்க” என்று பணிவாகக் கேளுங்கள்.

சீக்கிரம் போய் முன் வரிசையைப் பிடியுங்கள். தாமதித்தால், நீங்கள் இதுவரை பார்த்திராத உங்கள் ஊர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கி வேலைவாய்ப்பை வரவேற்றுவிடுவார்கள். “இயற்கை வளம் பாதிக்கும்” என்று பேசாதீர்கள், கேட்கிறவர் கொட்டாவி விடுவார். “என் கிணறு அறுபது அடி. பங்குனியில் தண்ணி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். உங்க பள்ளம் எத்தனை அடி?” என்று கேளுங்கள். பால் பிடிக்கும் நெற்கதிரைக் கூடவே கொண்டுபோய், மேலே படிந்த வெள்ளைத் தூளை மேசையில் தட்டிக் காட்டுங்கள். மேசை விரிப்பு பாழாகும், பரவாயில்லை.

திங்கள்கிழமை மனுவையும் விட்டுவிட வேண்டாம். காஞ்சிபுரத்தில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு கோட்டம், வட்டம், குறுவட்டம் என்று பிரயாணம் செய்து ஒரு மாதத்தில் உங்கள் தெரு வி.ஏ.ஓ.விடமே வந்து சேரும். “நீங்கதான் மனு போட்டீங்களா?” என்பார். அவருக்குத் தெரியும்.

கிராம சபைதான் நிஜமான ஆயுதம். வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தின் கடைசி வரிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட விடாதீர்கள். மழையே இல்லாமல் அங்கே தடையில்லாச் சான்று முளைக்கும். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு வீட்டுக்குப் போங்கள்.

இதெல்லாம் பலிக்குமா? மேலூர் பக்கம் பலித்தது. 2024 நவம்பர் 7 அன்று டங்ஸ்டன் ஏல முடிவு வந்தது. அரிட்டாபட்டியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கர். சமணப் படுக்கையும் குடைவரைச் சிவனும் சுனைகளும் உள்ள இடம். அரிட்டாபட்டியை 2022-இலேயே பல்லுயிர் மரபுத் தலம் என்று மாநில அரசு அறிவித்தது. கிராம சபைகள் மறுத்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. எழுபத்தேழே நாள்!

உடனே துண்டை உதறித் தோளில் போட்டுவிட வேண்டாம். டங்ஸ்டனை ஏலம் விட்டது தில்லி. அதனால் சென்னை ஊரோடு நின்றது. கருங்கல்லுக்குக் குத்தகை தருவதே மாநில அரசு. ஆகவே உங்கள் மலையில் டங்ஸ்டன் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சாமி மலை தப்பியது. அவர்கள் கையில் வன உரிமைச் சட்டம் இருந்தது. நம் கையில் கல்லாங்குத்து.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வசதி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரிக்கென்றே ஏரி வாரியம், குடவோலை, பதவி 360 நாள். 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இதைச் சொன்னார். வேதம் ஓதிய நிலக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த ஓலை. மண் வெட்டியவர்களுக்கு இல்லை. அந்தக் குறையையும் சொல்லிவிட்டே பெருமைப்படுவோம். ஆனால் அதில் ஒரு விதி பொன்னானது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, உறவும்தான்.

கல்வெட்டில் உள்ள அந்த உறவுப் பட்டியலைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நிதானமாக, உரக்கப் படியுங்கள். அப்பன், பிள்ளை, உடன்பிறந்தான், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன். படித்துக்கொண்டே போகும்போது, எந்த உறவு வந்ததும் மேடையிலும் முன் வரிசையிலும் யார் யார் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.