பெட்டிக்குள் போன சுயசித்தம்

எல்லாம் கர்த்தர் முன்குறித்தபடிதான் என்றது கால்வினியர் கட்சி. மனுஷனுக்கும் கொஞ்சம் சுயசித்தம் உண்டு என்றது அர்மீனியர் கட்சி. 1618-இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் சபைச் சங்கம் கூடி, மாதக்கணக்கில் பேசி, அர்மீனியர் சொன்னது தப்பு என்று தீர்த்தது. அவர்களுக்குப் பரிந்து நின்ற, எழுபது தாண்டிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னஃபெல்ட்டுக்கு 1619 மே மாதம் தலையே போனது. (பேருக்கு ராஜத்துரோக வழக்கு. அவர் அப்படி நின்றதும் முன்குறித்ததுதானே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

அவரோடு அதே பக்கம் நின்ற சட்ட மேதை குரோஷியஸுக்கு லூவஸ்டைன் கோட்டையில் ஆயுள் சிறை. படிப்பதற்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து போகும். சோதித்துச் சோதித்துக் காவலர்களுக்கு அலுத்துவிட்டது. 1621-இல் மனைவி மரியா கணவரையே பெட்டிக்குள் மடக்கிப் பூட்டி அனுப்பிவிட்டார். இந்தக் கனம் கனக்கிறதே, உள்ளே அர்மீனியன் எவனாவது இருக்கிறானா என்று தூக்கியவர்கள் கேலி செய்தார்களாம். கேலியும் முன்குறித்ததாகவே இருக்கட்டும்; பூட்டைத் திறந்து பார்க்க அவர்களுக்குச் சித்தமில்லை.