பழசாகப் பிறக்கும் கட்டடங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபே, ஸ்பானியர்கள் 1610 வாக்கில் நிறுவிய ஊர். அதன் பழைய பகுதியில் புதிதாக எதைக் கட்டினாலும், அது பிறக்கும்போதே கிழமாகப் பிறக்க வேண்டும். 1957இல் போட்ட சட்டம் அப்படி. அந்த ஊரின் பழைய, சுடாத மண் செங்கல் வீட்டின் சாயல் இருந்தால் போதும். உள்ளே மண் இருக்கிறதா என்று யாரும் சுரண்டிப் பார்ப்பதில்லை. ஆகவே கான்கிரீட்டும் மரச்சட்டமும் பழுப்புச் சிமெண்ட் பூசி வேஷம் கட்டி நிற்கின்றன. பல மாடிக் கார் நிறுத்துமிடம்கூட! ஸ்பானியர்கள் தங்கள் கார்களை எங்கே நிறுத்தினார்கள் என்ற சரித்திரச் சந்தேகம் இதோடு தீர்ந்தது.

 

இந்த வேஷம் சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது; அதே ஊரின் பழைய ஆளுநர் மாளிகையின் கதைதான் ருசியானது. அதன் முகப்பில் 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா பாணித் தாழ்வாரம் ஒன்று இருந்தது. அசல் பழசு. மாளிகையைப் புதுப்பித்தவர்கள் 1913 வாக்கில் அதைப் பிடுங்கிவிட்டு, அதைவிடப் பழசாகத் தெரியும் புதுத் தாழ்வாரத்தை வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பது அதைத்தான். இப்போது அதற்கும் நூறு வயது தாண்டிவிட்டது.