லாக் எங்கே?

அவசரமாகக் கிளம்புகிற அன்று சைக்கிள் செயின் தானாகக் கழன்று விழும். கையைக் கரியாக்காமல் விடாது. அதையே ஒழுங்காகக் கழற்றி எடுக்கலாமென்று சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அப்போது அதற்கு வருகிற வைராக்கியம் எந்தச் சாமியாருக்கும் வராது.

மாமனார் விட்டுப்போன சைக்கிள் அது. செயின் முழுவதையும் மூடிய தகர உறை. உறையைக் கழற்றினால் பல வருஷத்துத் தேங்காய் எண்ணெயும் தெருப்புழுதியும் இறுகிக் கிடந்தன. நடுவே ஒரு கோழி இறகு. எங்கள் வீட்டில் யாரும் கோழி வளர்த்ததில்லை.

"சக்கரத்தைக் கழட்டினா செயினும் வந்துடாதா?" என்றாள் மனைவி.

வராது. ஃபிரேமின் பின்குழாய் செயின் வளையத்துக்குள்ளே புகுந்து போகிறது; ஓரிடத்தில் பிரித்தே ஆகவேண்டும். அதற்கென்றே ஒரு கண்ணி உண்டு, லாக் என்பார்கள். அதன்மேல் சின்னதாக ஒரு கிளிப், மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்தபடி இருக்கும். திருப்புளியால் நெம்பினால் தீர்ந்தது. நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் அது எது என்பதுதான் வழக்கு.

"மண்ணெண்ணெய் ஊத்துங்க தம்பி, தானா தெரியும்" என்று எதிர்வீட்டு மாமா நாற்காலியோடு வந்து சேர்ந்தார். ரேஷன் கடையில் அதைப் பார்த்தே யுகமாகிறது. டீசலில் பழைய பனியனை நனைத்துத் தேய்த்தேன். மாமா மேற்பார்வை பார்த்தார். "செயின் நீண்டு போச்சு" என்றும் தீர்ப்புச் சொன்னார். இரும்பு எங்கே நீள்கிறது? ஒவ்வொரு பின்னும் துளித்துளியாகத் தேய, தேய்மானமெல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும்; 1/8 அங்குலம் கூடினாலே பற்களும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். மகளின் அடி ஸ்கேலை வைத்தேன். கால் அங்குலம் வெளியே நின்றது. ஸ்கேலும் கறுத்தது, அது தனிப் பஞ்சாயத்து.

இந்த உருளைச் செயினை 1880-இல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். அடிப்படை அமைப்பு இன்றைக்கும் அதேதான். திட்டுவதற்குப் பெயரோடு ஓர் ஆள் கிடைத்ததில் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடைசியில் சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினார்.

"லாக்கே இல்ல சார். ரிவிட் அடிச்சு விட்டிருக்காங்க."

"ஆமாமா," என்றார் மாமா. "கிளிப் அடிக்கடி தெறிச்சுப் போகுதுன்னு உங்க மாமனார்தான் அடிக்கச் சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சொல்லவே இல்லையே மாமா?"

"நீங்க கேக்கலையே தம்பி."

கடைக்காரர் பின்னின் தலையை அரத்தால் ராவினார். அடியில் ஒரு நட்டை முட்டுக்கொடுத்து, பஞ்ச்சை வைத்து ஒரே தட்டு. செயின் சரிந்து விழுந்தது. நான் புதுச் செயினை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. பின்சக்கரத்தின் பற்களைத் தடவிப் பார்த்தார்.

"இதுல புதுசு நிக்காது சார், வழுக்கும். ஃப்ரீவீலையும் மாத்தணும்."

"மாத்திடுங்க."

"மிதிக்க மிதிக்க இறுகுற சாமான் சார் அது. ஐயா எத்தனை வருஷம் மிதிச்சாரு?"

"முப்பது வருஷம் இருக்கும்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப அது செயின் மாதிரி சுலபமா வராது."