மலிவு விலை டிரம்பெட் கொள்முதல்: ஒலியியல், பொருளியல், குடும்பவியல் நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

நாதஸ்வரம் வேண்டுமென்றால் நரசிங்கம்பேட்டைக்குப் போகலாம். வீணைக்குத் தஞ்சாவூர், கடத்துக்கு மானாமதுரை. வாத்தியத்துக்கு ஓர் ஊர் என்று ஒதுக்கி வைத்த தமிழ்ச் சமூகம், டிரம்பெட்டுக்கு மட்டும் ஊர் ஒதுக்காமல் விட்டுவிட்டது. இதனால் விளைந்த கேடு யாதெனில், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "என்னை ஸ்கூல் பேண்டுல சேத்துட்டாங்கப்பா, டிரம்பெட் வாங்கணும்" என்று அறிவிக்கும்போது, எந்தத் திசையில் பஸ் ஏறுவது என்று அக்குடும்பத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை. இத்தெரியாமையே இவ்வாய்வின் களம்.

ஆய்வெல்லை: 'பி ஃப்ளாட்' டிரம்பெட் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. சாரணர் ஊதும் பியூகிள், கோயில் திருச்சின்னம், லாரியின் ஏர் ஹாரன் ஆகியவை ஓசையால் உறவுடையன எனினும் விலக்கப்பட்டன. 'மலிவு' என்பது ஒரு மாத மளிகைச் செலவுக்கு மேல், ஒரு மாதச் சம்பளத்துக்குக் கீழ் என வரையறுக்கப்படுகிறது. யாருடைய சம்பளம் என்ற வினா ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

கருதுகோள்: புத்தம் புதிய மலிவு டிரம்பெட்டைப் போல் செலவு வைக்கும் டிரம்பெட் வேறில்லை.

இயல் ஒன்று: கருவியின் தோற்றமும் இயல்பும்

டிரம்பெட் என்பது ஐந்தடிக்குச் சற்றே குறைந்த பித்தளைக் குழாய். மடித்துச் சுருட்டியிருப்பதால் கையடக்கமாகத் தெரிகிறது. நீட்டி நிறுத்தினால் ஊதுகிற பிள்ளையைவிட உயரமாக நிற்கும். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. இதனால் "இந்த எடைக்கு ஒரு நல்ல குத்துவிளக்கே வாங்கிடலாமே" என்று வீட்டுப் பெரியவர்கள் எழுப்பும் ஆட்சேபம் எண்கணித அளவில் சரியே. இரண்டும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகமே. ஆயினும் குத்துவிளக்கை ஊத முடியாது.

ஓசை குழாயில் பிறப்பதில்லை, உதட்டில் பிறக்கிறது. மூடிய உதடுகளை மூச்சால் அதிரவைத்தால், குழாய் அதைப் பிடித்து வளர்த்துக் கொடுக்கிறது. நம் கொம்பும் தாரையும் எக்காளமும் இதே இனம். அவற்றில் விரலுக்கு வேலையில்லை. குழாயின் நீளம் எந்தெந்தச் சுரங்களை அனுமதிக்கிறதோ அவை மட்டுமே வரும். ஐரோப்பாவின் டிரம்பெட்டும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1818-ல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, ஊதிக்கொண்டிருக்கும்போதே குழாயின் நீளத்தை மாற்றும் வசதி வந்தது. இன்றைய பிஸ்டன் வால்வு, 1839-ல் பாரிசில் பெரினே கொடுத்த வடிவத்தின் வாரிசு.

வால்வுகள் மூன்று. முதலாவது சுரத்தை ஒரு முழுப் படி இறக்கும். இரண்டாவது அரைப் படி. மூன்றாவது ஒன்றரைப் படி. மூன்றையும் அழுத்தியும் விட்டும் எட்டு விதமாகச் சேர்க்கலாம். முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தால் மூன்றாவதன் வேலையைச் செய்துவிடும் என்பதால் உண்மையில் ஏழு நீளங்களே உண்டு. ஏழு சுரத்துக்கு ஏழு நீளம் என்று மகிழ வேண்டாம். ச, ப, மேல் ச மூன்றையும் வால்வைத் தொடாமலே ஊத வேண்டும். வேறுபாடு உதட்டில் இருக்கிறது. உதடு கடையில் விற்பதில்லை.

ஊர் இல்லை என்றோமே, இந்திய அளவில் ஓர் ஊர் உண்டு: உத்தரப் பிரதேசத்தின் மீரட். 1857-ல் சிப்பாய்கள் கிளம்பிய அதே ஊர்தான். 1885-ல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் உட்பட அங்கே தலைமுறை தலைமுறையாகப் பித்தளை வாத்தியம் செய்கிறார்கள். நாட்டின் பேண்டு செட்டுகள் ஏந்தும் கருவிகளில் பெரும்பங்கு அந்த ஊர்ச் சரக்கே. பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும் என்பதால், 'மீரட் பீஸ்' என்ற ஒற்றைச் சொல்லை நற்சான்றாகவும் கொள்ளலாகாது, வசையாகவும் கொள்ளலாகாது.

இயல் இரண்டு: மூன்று சிந்தனைப் பள்ளிகள்

முதலாவது சிக்கனப் பள்ளி. இதன் ஆசிரியர் பெரும்பாலும் தாய்மாமன். "கத்துக்கிறதுக்குத்தானே மாப்ளே, இது போதும்" என்பது மூல சூத்திரம். இணையத்தில் நான்கிலக்க விலையில், பெட்டியோடு, கையுறையோடு, துடைக்கும் துணியோடு, சிவப்பு அல்லது நீல நிறத்தில் கிடைக்கும் டிரம்பெட் இப்பள்ளியின் இலட்சியம். தம் கொள்கைக்கு அரணாக இவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கை அழைத்துவருவர். நியூ ஆர்லியன்ஸில் ஏழைச் சிறுவனாக இருந்தபோது, தாம் வேலை பார்த்த கார்னோஃப்ஸ்கி குடும்பத்தார் உதவியோடு ஐந்து டாலருக்கு, டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட் ஒன்றைத் தம் முதல் கருவியாக வாங்கியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். "அவரே அஞ்சு டாலர்ல ஆரம்பிச்சாரு!" என்று மாமா கூறி நிறுத்துவார். அந்தக் கார்னெட் இருந்த இடம் அடகுக்கடை என்பதை மட்டும் கூறாது விடுவார். அதாவது அது யாரோ ஊதிப் பழகிய பழைய கருவி; மலிவாகச் செய்த புதிய கருவி அன்று. இச்சான்று மாமாவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இரண்டாவது பெருமிதப் பள்ளி. துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள சித்தப்பா இதன் தலைவர். "வாங்குறதே வாங்குறோம், பெஸ்டா வாங்கிடலாம்." கச்சேரிக் கலைஞர் ஊதும் கருவியின் நுணுக்கம் புது உதட்டுக்கு எட்டாது. ஆண்டு விழா முடிந்து பிள்ளை கீபோர்டுக்கு மாறியபின், அந்தக் கருவி ஷோகேசில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் அமர்ந்து குடும்ப கௌரவத்தைக் காக்கும்.

மூன்றாவது பழங்கருவிப் பள்ளி. பெயர் தெரிந்த நிறுவனம் மாணவர்களுக்கென்றே செய்த டிரம்பெட்டை, யமஹாவின் ஒய்டிஆர் 2330 போன்ற ஒன்றை, இன்னொரு பிள்ளை ஊதி விட்டபிறகு வாங்குவது. புதிதாக வாங்கினால் ஐந்திலக்கம். கைமாறும்போது விலை இறங்கும். ஆனால் குணம் இறங்க வேண்டியதில்லை.

"அடுத்தவங்க வாய் வெச்சதா?" என்று இப்பள்ளிமீது வைக்கப்படும் கண்டனம் கனமானது. விடை இரண்டு. ஒன்று, வாய் படும் மவுத்பீஸ் தனியே கழன்று வரும். அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு, பழமை டிரம்பெட்டுக்குப் பகையன்று. எகிப்தின் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த டிரம்பெட்டுகள் 3,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை. 1939-ல் பிபிசி வானொலிக்காக அவற்றை ஊதினார்கள், ஒலித்தன. அவற்றுக்கு வால்வு இல்லை என்பதையும் நேர்மையுடன் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பழுதாகும் பாகம் அதுவே.

இயல் மூன்று: அங்க லட்சணம்

சந்தையில் மாடு பிடிக்கிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், நிறத்தில் மயங்கமாட்டார். டிரம்பெட்டுக்கும் அம்முறையே பொருந்தும்.

வால்வு: மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட வேண்டும். விரலை எடுத்த கணமே பிஸ்டன் துள்ளி மேலே வர வேண்டும். யோசித்து வந்தால் வேண்டாம். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லொடலொடக்கக் கூடாது.

காற்றுக் கசிவு: நடு வால்வோடு சேர்ந்த, இழுத்தால் கழன்று வரும் குட்டி வளைகுழாயை (ஸ்லைடை), வால்வை அழுத்தாமல், மெல்ல வெளியே இழுக்க வேண்டும். கழன்று வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால் உள்ளே காற்று அடைபட்டிருந்தது என்று பொருள். சத்தமே இல்லாமல் வந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இச்சோதனையைச் செய்வது நலம்; சில நேரம் அந்த முகம் டிரம்பெட்டைவிட விரைவாகப் பதில் சொல்லும்.

ஸ்லைடுகள்: எல்லாமே அசைய வேண்டும். இறுகிப்போனதை "ஃப்ரீயாயிடும் சார்" என்று சொல்லிக் கடைக்காரர் குறடு எடுத்தால் எழுந்துவிட வேண்டும். குழாயின் பற்றவைப்பு விட்டுப்போகும்.

செம்புள்ளி: மவுத்பீஸ் செருகும் குழாயில், உள்ளிருந்து கிளம்பியது போல் செந்நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய், செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. பாலிஷ் போட்டாலும் போகாது. நாளடைவில் ஓட்டை விழும்.

நசுங்கல்: மணி போல் விரிந்த வாயில் சின்ன நெளிவு இருந்தால் அழகுக்குத்தான் குறை, பேரம் பேச உதவும். மவுத்பீஸை அடுத்த குழாயில் நெளிவு இருந்தால் சுருதிக்கே குறை.

மவுத்பீஸ்: தொடக்கப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 7சி என்பார்கள். இக்கணக்கை வகுத்தவர் பாக். ஜோகன் செபாஸ்டியன் அல்லர்; ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் தொடங்கிய வின்சென்ட் பாக். அவர் கணக்கில் எண் குறையக் குறைய வாய் அகலும். "பெரிய நம்பரா குடுங்க, வளர்ற பிள்ளை" என்று பள்ளிச் சீருடைத் தத்துவத்தை இங்கே புகுத்தினால், கடையிலேயே மிகச் சிறியது கைக்கு வரும்.

இயல் நான்கு: ஆறரைக் கட்டைச் சிக்கலும் ரிஷபச் சிக்கலும்

வாங்கிய மறுநாள் வீட்டில் எழும் முதல் பிணக்கு சுருதி பற்றியது. புத்தகத்தில் 'சி' என்று போட்டிருக்கும். பிள்ளை ஊதும். சங்கீதம் தெரிந்த பாட்டி சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வைத்துப் பார்ப்பார், சேராது. தேடித் தேடி ஆறரைக் கட்டையில் போய்ச் சேரும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று வீடே கிளம்பும். ஒருவரும் ஏமாற்றவில்லை. பி ஃப்ளாட் டிரம்பெட்டில் எழுதியிருப்பது சி, கேட்பது பி ஃப்ளாட். கருவியின் பிறவிக் குணம் அது.

இரண்டாம் பிணக்கு மெய்யானது. பிள்ளை முதலில் கற்கும் ஐந்து சுரங்களில் இரண்டாவதான ரிஷபத்துக்கு முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தச் சேர்க்கையில் குழாயின் நீளம் கொஞ்சம் போதாமல் சுருதி ஏறும். இது எல்லா டிரம்பெட்டிலும் உள்ள குறை. அதை ஈடுகட்டவே மூன்றாம் ஸ்லைடில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். இடது கை விரலால் அதைச் சற்றே வெளியே தள்ள ரிஷபம் இறங்கி வந்து உட்காரும். மலிவுச் சரக்கில் வளையம் அழகாக இருக்கும், ஸ்லைடு அசையாது. பிள்ளை நாள்தோறும் ஏறிய ரிஷபத்தையே ஊதும். அதையே சரி என்று காது பழகிக்கொள்ளும்.

இவ்வாய்வு கண்ட தலையாய உண்மை இங்கே இருக்கிறது. தேர்ந்த வித்வான் கையில் மோசமான கருவியும் ஒருவாறு பேசும். எங்கே இடறும் என்று அவருக்குத் தெரியும், அங்கே உதட்டால் சரிக்கட்டிவிடுவார். பிள்ளைக்கு அது தெரியாது. வால்வு சிக்கினாலும் காற்று கசிந்தாலும், பிழை யாருடையது என்று பிரித்தறிய அதனால் முடியாது. ஆகவே அது சொல்லும் முடிவு ஒன்றே: "எனக்கு வரல." மாமா பரிந்துரைத்த டிரம்பெட்டின் உண்மையான விலை அந்த இரண்டு சொற்கள். "கத்துக்கிறதுக்குத்தானே" என்ற சூத்திரத்தைத் தலைகீழாக எழுத வேண்டும்: கற்பதற்கு என்பதாலேயே குறையில்லாத கருவி வேண்டும்.

இயல் ஐந்து: பராமரிப்பும் சூழலியலும்

வால்வுக்கு வால்வு ஆயில் மட்டுமே விட வேண்டும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். கூடவே பிஸ்டனும் உறையும். பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கினால் மேற்பூச்சு போகும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பார்கள். துடைத்துவிட்டு இடம் மாற்றிப் போட்டால் காற்றுப் போகாது. புதுக் கருவி 'செத்துப்போச்சு' என்று எழும் கூக்குரல்களில் பலவற்றுக்கு மருந்து, எண்களைப் படித்துப் பார்ப்பதே. கருவியின் அடியிலுள்ள நீர்ச்சாவியைத் திறந்தால் சொட்டும் நீர் பெரும்பாலும் எச்சில் அன்று. மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானது. ஆயினும் கூடத்துத் தரையில் சொட்டவிடலாகாது என்பதில் அறிவியலும் அம்மாவும் ஒத்துப்போகின்றனர்.

அண்டை அயலார் பற்றிய பழைய தரவு யோசுவாவின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. எரிகோவில் ஆறு நாளும் நாளுக்கு ஒருமுறை, ஏழாம் நாள் ஏழுமுறை சுற்றிவந்து ஊதிய பிறகு மதில் விழுந்தது. அங்கு ஊதப்பட்டவை ஆட்டுக்கடாக் கொம்புகள். மூன்று வால்வுள்ள டிரம்பெட்டின் திறன் இன்னும் சோதிக்கப்படவில்லை. அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ஏழாம் நாள்வரை பொறுக்கமாட்டார் என்பதால், ஓசையடக்கும் 'பிராக்டிஸ் மியூட்' ஒன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குக.

முடிவுரை

ஆய்வின் முடிவுகள் வருமாறு. நிறம் பூசிய புதிய மலிவு டிரம்பெட்டை வாங்க வேண்டாம். பழுதானால் ரிப்பேர்காரர்கள் திறக்கத் தயங்குவார்கள், விற்கப் போனால் கேட்பாரில்லை. பெயருள்ள நிறுவனத்தின் பழைய மாணவர் கருவியைத் தேடுக. சர்ச் பேண்டிலோ பள்ளி பேண்டிலோ ஊதுகிற மாஸ்டர் ஒருவரைக் கடைக்குக் கூடவே அழைத்துப் போகவும். அவருக்கு பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுப்பது இந்தக் கொள்முதலிலேயே ஆகச் சிறந்த முதலீடு. அவர் ஊதிப் பார்த்துத் தலையசைத்தால் மட்டும் பணத்தை எடுக்கவும். மவுத்பீஸைப் புதிதாக வாங்கவும். பிள்ளையின் பெயரைக் கருவியில் பொறிக்க வேண்டாம், பெட்டியிலும் பெயிண்டால் எழுத வேண்டாம். இரண்டு வருடம் கழித்து இன்னொரு பிள்ளைக்கு அதை விற்க வேண்டியிருக்கும்.