கௌரவ விரிவுரையாளர் ஆற்றுப்படை

அதிதி என்னும் வடசொல்லுக்கு, திதி குறித்துக்கொண்டு வராதவன் என்று பொருள் விரிப்பார்கள். அப்படி வந்து திண்ணையில் அமர்பவனை ஸாக்ஷாத் நாராயணனாகவே பாவித்து இலை போட வேண்டும் என்பது சாஸ்திரம் வகுத்த விதி. அவன் நான்காம் நாளும் அதே இலைக்கு வந்து அமர்ந்துவிடக் கூடாது என்பது, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி நம் பாட்டிமார் வகுத்த உபவிதி. ‘கெஸ்ட் லெக்சரர்’ என்னும் பதவியைத் தமிழாக்கப் புகுந்த மகானுபாவர் இந்த உபவிதிக்கு அஞ்சினாரோ, அல்லது விருந்தினர் என்று எழுதிவிட்டால் ஒருவேளைச் சோறாவது போட நேருமே என்று கருதினாரோ, விருந்து என்ற பேச்சையே எடுத்துவிட்டு, ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயர் சூட்டிவிட்டார். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இப்பெயரைத் தாங்கி நிற்போர் 7,000 பேருக்கு மேல். பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று விருந்தினராகவே இருந்து நரை கண்டவர்கள் இவர்களுள் உண்டாதலால், இவர்களை அதிதி என்பது பொருந்தாது. திதி குறிக்காமல் வருவது இவர்களுடைய ஊதியமே. சொல்லிலக்கணப்படி அப்பட்டம் அதற்கே உரியது. அது வருகிற நாளில் வீட்டில் அதற்கு நடக்கும் உபசாரமும் நாராயணனுக்கு நடப்பதற்குக் குறைந்ததன்று.

இந்த இனத்தின் லட்சணங்கள் யாவும் ஒருங்கே அமைந்த ஒருவரைக் காண விரும்புவோர், மரக்காணத்தில் திண்டிவனம் வண்டி நிற்கும் இடத்துக்குக் காலை ஏழே முக்காலுக்கு வந்தால் போதும். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. தோளில் ஒரு பை. பையில் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். டிபன் பாக்ஸ் பசிக்கு, குடை மழைக்கு. ஃபைல் எதற்கென்றால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி முனைவர் பட்டம் வரையில் அவர் ஈட்டிய சகல சான்றிதழ்களும் அதனுள்ளே வாசம் செய்கின்றன. கர்ணனுக்குக் கவசகுண்டலம் எப்படியோ, அப்படி இவருக்கு இந்த ஃபைல். ஒரு வித்தியாசம் என்னவெனில், இந்திரனே பிராமண வேஷத்தில் வந்து யாசித்தாலும் இவர் அசலைக் கொடுக்க மாட்டார், சான்றொப்பமிட்ட நகலைத்தான் கொடுப்பார்.

அவர் கற்பிப்பது தமிழ். போகிற வழியும் சாமானியமான வழியன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்றும், அவ்வள்ளலின் ஊராகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட பகுதி என்றும் அறிஞர் கூறுவர். ஆகவே, பரிசில் வேண்டி யாழோடு நடந்த பாணனும், பணி வேண்டி ஃபைலோடு பேருந்து ஏறும் நம்மவரும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் பிரயாணம் செய்கிறார்கள். பாணனுக்கு வழியெல்லாம் சாப்பாடு காத்திருந்தது: எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். நம்மவருடைய வண்டி பிரம்மதேசத்தில் ஒரு நிமிஷமும் முருக்கேரியில் இரண்டு நிமிஷமும் நிற்கும். ஆனால் தேநீருக்கு இறங்கினால் உட்கார்ந்திருந்த இடம் போய்விடும். இடம் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்குப் பேருந்தில் மட்டும் உள்ளதன்று ஆகையால் அவர் இறங்குவதில்லை.

ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்று மீள்கிறவன் எதிரே வருகிற ஏழையைப் பார்த்து, ‘இன்ன வழியாகப் போ, இன்னது பெறுவாய்’ என்று வழி காட்டுவது. நம்மவரும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இந்தத் துறையில் மிகுந்த உற்சாகத்தோடு ஈடுபடுகிறார். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது பழைய மரபு. பெறாதவரே பெறாதவருக்கு வழி சொல்வது இவர் இலக்கணத்துக்குச் செய்த நூதன விரிவு. போன ஜூனில், புதிதாகப் படித்து முடித்த உள்ளூர்ப் பையன் ஒருவன் அவரைத் தேடிக்கொண்டு வந்தபோது, அருகே தேநீர்க் கடை பெஞ்சில் இருந்த காரணத்தால், உபதேசம் முழுவதையும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

“நெட்டு பாஸ் பண்ணியாச்சா தம்பி?”

“பண்ணிட்டேன் சார். பி.எச்.டி.யும் முடிச்சிட்டேன்.”

“பரவால்ல, அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. கவலப்படாத” என்றார் அவர், வைத்தியர் நாடியை விட்டுவிட்டுச் சொல்வதைப் போல.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கலானார். விண்ணப்பம் எந்த மாதத்தில் கோருவார்கள், எந்த நகலுக்கு யாரிடம் கையொப்பம் வாங்கினால் கேள்வி வராது, நேர்காணலில் உட்காரச் சொன்னால் எவ்வளவு உட்கார வேண்டும், அதாவது நாற்காலியின் விளிம்பில் நான்கு விரற்கடை மட்டும் உபயோகித்து மிச்சத்தை மரியாதைக்காக விட்டுவைப்பது எப்படி என்பதெல்லாம் கூறினார். “போட்டோ மட்டும் முப்பத்திரண்டு காப்பி எடுத்து வச்சிக்க. நான் மொதல் வருஷம் எடுத்ததுதான், இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு” என்றார். நாற்காலியைப் பற்றி அவர் சொன்னது தனி அத்தியாயம். ஆசிரியர் அறையில் உள்ள நாற்காலிகள் நிரந்தரப் பேராசிரியர்களுக்கு உரியவை. விருந்தினர் அமர்வதற்கு வழி, அவர்களில் எவர் என்றைக்கு விடுப்பு என்பதைப் பஞ்சாங்கம்போல் கணித்து வைத்திருப்பதே. இன்னார் மகளுக்கு வளைகாப்பு, இன்னாருக்குப் பிரதோஷ விரதம், இன்னார் செவ்வாயில் பல் வைத்தியரிடம் போவார் என்பன அவருக்கு மனப்பாடம். பிறருடைய சுக துக்கங்களை இத்தனை அக்கறையோடு விசாரிக்கிற மனிதர் இக்காலத்தில் அபூர்வம் என்று சக ஆசிரியர்கள் அவரைப் புகழ்வார்கள். விசாரணைக்குப் பின்னே ஒரு நாற்காலி இருக்கிறது என்பதை அவர்கள் அறியார்கள்.

அவர் முதன்முதலாக வகுப்பெடுத்த நாளின் கதையும் அன்றே வெளிவந்தது. நியமன ஆணையில் மை உலரும் முன்பே, வணிகவியல் முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்புக்குப் போகும்படி சொல்லிவிட்டார்களாம். இரவெல்லாம் நெய்தல் திணைக்கு முன்னுரை தயாரித்துக்கொண்டு போனவர், எண்பது பேர் அடைத்திருந்த அந்த வகுப்பின் வாசலில் தயங்கி நின்றதைக் கண்ட கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “வாண்ணா, சீக்கிரம் உள்ள வந்துடு, சார் இன்னும் வரல” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தானாம். நம்மவர் போய் உட்கார்ந்துவிட்டார். கோபமோ வெட்கமோ காரணமன்று. அன்று காலை எட்டு மணியிலிருந்து அவரைப் பார்த்து ‘உட்கார்’ என்று சொன்ன முதல் ஆத்மா அந்தப் பையன்தான்.

பெயரில் உள்ள கௌரவத்தால் ஆகிய பிரயோஜனமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை வெறும் விரிவுரையாளர் அல்ல, கௌரவ விரிவுரையாளர் என்று தரகர் அழுத்திச் சொன்னதைக் கேட்ட பெண்ணின் பாட்டனார், இது விரிவுரையாளருக்கு மேற்பட்ட படி என்று நினைத்துச் சம்மதித்துவிட்டாராம். அவர் வெள்ளைக்காரன் காலத்துக் கௌரவ மாஜிஸ்திரேட்டுகளைக் கண்டவர். அந்த மாஜிஸ்திரேட்டுகளுக்கும் சம்பளம் கிடையாது என்பது உண்மையே. ஆனால் அவர்கள் வீட்டில் நெற்குதிர் இருந்தது. கல்யாணம் முடிந்தபின் உண்மை புலப்பட்டபோது, பாட்டனார் வருத்தப்படவில்லை. வாக்குக் கொடுத்தது கௌரவத்துக்காக, அது குறையவில்லை என்று பேத்தியைத் தேற்றினார் என்கிறார்கள்.

சம்பளம் என்ற சொல்லை நம்மவர் வாயால் கேட்க முடியாது. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தந்தமையால் சம்பளம் என வந்தது என்று சொல்லாராய்ச்சிக்காரர் சிலர் கூறுவதும், லத்தீன் மொழியில் ஊதியத்தைக் குறிக்கும் சொல் உப்பின் அடியாகப் பிறந்தது என்பதும் அவர் வகுப்பில் மிகுந்த ரசனையோடு சொல்லும் விஷயங்கள். எனினும் தமக்குக் கிடைப்பது சம்பளமன்று, தொகுப்பூதியம் என்பதில் அவர் கண்டிப்பானவர். அத்தொகுப்பு 10,000 ரூபாயாக இருந்தபோது அவர் சேர்ந்தார். பிறகு 15,000, 20,000 என்று படியேறி 25,000 ஆயிற்று. தகுதியுள்ள விருந்தினருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வெளியிட்ட சுற்றறிக்கையை லாமினேட் செய்து, வீட்டில் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். சுவாமியும் கேட்டதெல்லாம் கொடுத்துவிடுவதில்லை அல்லவா? கொடுக்கும் சக்தி உண்டு என்பதே பக்திக்குப் போதும்.

ஆண்டில் பதினொரு மாதந்தான் ஊதியம். மே மாதத்துக்குக் கிடையாது. கோடை விடுமுறையில் மாணவனுக்குப் பசிக்கும், நிரந்தரப் பேராசிரியருக்குப் பசிக்கும், விருந்தினருக்குப் பசிக்காது என்பது கணக்குத் துறையாரின் சித்தாந்தம் போலும். ஆனால் மரக்காணத்து உப்பளங்களில் மே மாதம் அறுவடையின் உச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் கரைந்து கிடக்கும். மழை ஓய்ந்து ஜனவரியில் வரப்பு கட்டி, காலால் மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி நகர்த்திக் காய வைத்தால், சித்திரை வெயிலில் பாத்தியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமாதலால், விடியாத இருட்டிலேயே ஆட்கள் இறங்கிப் பலகையால் உப்பை வரப்புக்கு வாருவார்கள். நம்மவருடைய தகப்பனார் அந்த அளத்தில்தான் ஆயுள் முழுவதும் உழைத்தவர். மே மாதத்தில் முனைவரும் முழுக்கைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகை பிடிக்கிறார். மழைக்காலத்தில் வேலையற்றுப் போகும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை அரசு 2022-ல் தொடங்கிய பிறகு, வேலையில்லாத மாதத்தைப் பற்றிய பேச்சில் தகப்பனாரின் குரல் சற்றே உயர்ந்துவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.

ஒருநாள் பாத்தி நீரில் உப்படர்த்தி மானியை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே கிழவர் கேட்டாராம்:

“கடல் தண்ணி மூணு டிகிரி. இருவத்தஞ்சு ஏறுச்சுன்னா உப்பு தானா எறங்கிடுது. நீ எத்தினி டிகிரிடா வச்சினுகீற?”

“பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட்., பி.எச்.டி. அஞ்சுப்பா.”

“பத்தலியே” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

இதை நம்மவரே சொல்லிச் சிரிப்பார். சிறுபாணன் வீட்டில் குப்பைமேட்டு வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டுவிடாதபடி கதவை அடைத்துக்கொண்டு தின்றார்கள் என்று புலவர் பாடியிருக்கிறாரே, அந்தக் குறை தமக்கில்லை என்பார். கீரைக்குக் காசு இல்லாத மே மாதத்திலும் அவர் வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை.

அவருக்கும் நம்பிக்கை பொங்கிய காலம் உண்டு. உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 4,000 என்று ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டதும், அந்த மே மாதத்தில் பலகையைத் தொடாமல் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் 4 என்று குறித்திருந்த தேர்வு தள்ளிப் போயிற்று. திதி குறித்த ஒன்றும் அதிதியாகிவிட்டதே என்று அவர் அதற்கும் ஒரு சிலேடை செய்தார். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நிற்க, பிறர் உத்தியோகத்தை ஒருமுறை தொடங்குகிறார்கள். இவர் ஆண்டுதோறும் தொடங்குகிறார். சென்ற ஆண்டு நேர்காணலில் என்ன கேட்டார்களோ அதையே இந்த ஆண்டும் கேட்பார்கள்; இவரும் புதிதாகக் கேட்பது போலப் புருவத்தை உயர்த்தி யோசித்துவிட்டே பதில் சொல்வார். மரக்காணத்து ஜெராக்ஸ் கடைக்காரர், ஜூன் பிறந்ததும் அவர் தெருமுனையில் வரும்போதே இயந்திரத்தைச் சூடேற்றி, “வழக்கம்போல நாலு செட்டா சார்?” என்று கேட்பது அவ்வூரில் பருவம் அறிவிக்கும் குறிகளில் ஒன்று.

இந்த ஜூனிலும் நாலு செட் எடுத்து, சான்றொப்பம் பெற்று, முப்பத்திரண்டில் எஞ்சியிருந்த இரண்டு படங்களில் ஒன்றை வலது மூலையில் ஒட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு ஊரிலிருந்து மாறுதலில் புதிதாக வந்தவர். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். மூலையில் கருகருவென்று முடியும் அரும்பு மீசையுமாக இருந்த படத்தைப் பார்த்தார். எதிரே நின்றவரையும் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, வயதுக்குரிய மரியாதையோடு எழுந்து, முழுதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“உட்காருங்க பெரியவரே. ஆனா பையன் நேர்ல வந்தாத்தான் அப்ளிகேஷன வாங்குவோம்.”