குளிரறைக் கறிவேப்பிலை விசாரம்

காய்கறிக் கடையில் கொசுறாகக் கேட்டு வாங்கப்படும் ஒரு வஸ்துவைக் குறித்து ஆராய்ச்சி நிகழ்த்தப் புகுவது அறிவுடையார்க்கு அடுக்குமோ என்று வினவுவோர் உளர். அன்னோர் அடைமழைக் காலத்தில் கொத்தமல்லிக் கட்டின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிய அனுபவம் இல்லாதவராகவே இருத்தல் வேண்டும். மலிந்த காலத்தில் வாங்கியதை அரிய காலத்திற்கென உறையவைத்துக் காப்பது இயலுமா, இயலுமெனில் அங்ஙனம் காக்கப்பட்டது இலைதானா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பிரச்சினை.

விசாரணைக்குரிய தழைகளுள் முதன்மை கறிவேப்பிலைக்கே உரியது. எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும் பிறந்த குலத்திலேயே பிறந்த இம்மரத்தின் சாஸ்திரப் பெயரில், 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவரும் லின்னேயஸின் மாணாக்கருமான கோனிக் என்பாரின் நாமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொல்லையில் கிணற்றடி நீரைக் குடித்து வளரும் மரம் இக்கௌரவத்தைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எலுமிச்சைக் குலத்தைப் பீடிக்கும் பசுமையாதல் நோயைச் சுமந்து செல்லும் சிறு பூச்சியொன்று கறிவேப்பிலையிலும் குடியிருப்பதால், அமெரிக்கா போன்ற தேசங்கள் பச்சை இலையின் வரவைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஆகவே அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் குளிர்ப்பெட்டியின் மேலறையே கொல்லைப்புறமாயிற்று.

இனி உறைதலின் காரணகாரியத்தைக் காண்போம். இலையின் நுண்ணறைகளில் நிறைந்துள்ள நீர், பனிக்கட்டியாகுங்கால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. மெல்ல உறைந்தாலோ பெரிய பெரிய படிகங்களாகத் திரண்டு அறைச்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. உருகியபின் உள்ளிருந்த நொதிகளும் காற்றும் தடையின்றிக் கலப்பதால் இலை துவண்டு கறுக்கிறது. லாப்ரடார்ப் பனிவெளியில் இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்காற்றில் நொடியில் உறைந்து, பின்னர்ச் சமைத்தபோதும் சுவை மாறாதிருந்ததைக் கண்டு, விரைந்து உறையவைக்கும் உபாயத்தை வகுத்து, 1930-இல் உறைந்த உணவைக் கடையேற்றிய கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கரின் கீர்த்திக்கு மூலம் இவ்வேக ரகசியமே. நம் வீட்டுப் பெட்டியிலோ பூஜ்யத்திற்குக் கீழ்ப் பதினெட்டுப் பாகை இருப்பினும் வேகம் இல்லை. போதாக்குறைக்குக் குழந்தைகள் ஐஸ்கிரீமை நாடி அதன் கதவைத் திறந்த வண்ணம் இருப்பர்.

இவ்விடத்தில் பண்டிதர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். பசுமையும் விறைப்பும் போனபின் எஞ்சுவது இலையே அன்று என்பர் உருவவாதிகள். வாசனை நிற்கும் வரை இலையும் நிற்கிறது என்பர் மணவாதிகள். மாமியார்கள் பெரும்பாலும் முதற்கட்சியையும், காலை ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மருமகள்கள் இரண்டாங்கட்சியையும் சார்ந்திருப்பது தற்செயலன்று.

பிரயோகத்தை நோக்குவோம். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஈர்க்கிலிருந்து உருவி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும். ஈரம் நின்றால் இலையனைத்தும் ஒரே பாறையாகிவிடும். அதை உடைக்கக் குழவி தேவைப்படும். எடுத்த இலையை உருகவிடாமல் அப்படியே காய்ந்த எண்ணெயில் இட வேண்டும். அது சீறித் தெறிக்குமாதலின் இடக்கையில் ஒரு மூடி இருப்பது நன்று. கொத்தமல்லியைத் தண்டோடு பொடியாக அரிந்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி, ரசத்திற்கு வேண்டுமாயின் நீரும், குருமாவிற்கு வேண்டுமாயின் காற்றை விலக்கும் எண்ணெயும் வார்த்து உறையவைப்பர். புதினா கறுப்பதில் அவசரக்காரி. அதனை அரைத்தே வைக்க வேண்டும். உறைந்தபின் மல்லியும் புதினாவும் ஒரே பச்சைக்கட்டியாகத் தோற்றமளிப்பதால், டப்பாவின்மேல் பெயர் எழுதாத இல்லங்களில் புதினா ரசம் என்னும் நவீன பதார்த்தம் அவ்வப்போது பிறக்கிறது. அதற்குப் பழைய நூல்களில் ஆதாரம் உண்டென்று சாதிப்பது குடும்பத்தலைவனின் கடமை.

மணவாதிகளின் கட்சியே நம் சித்தாந்தம் எனினும், அதற்கு யாம் காட்டும் பிரமாணம் குளிர்ப்பெட்டியிலிருந்து பெறப்பட்டதன்று. சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையை வாழையிலையின் ஓரத்தில் ஒதுக்கும் தமிழன், அதன் உருவத்தைத் துறந்து மணத்தை மாத்திரம் உண்டவனாகிறான். எனவே விஞ்ஞானிகள் பனியில் அலைந்து கண்ட விவேகத்தை அவன் பந்தியில் அமர்ந்தபடியே அனுஷ்டித்து வந்திருக்கிறான். இலையில் சத்து இருக்கிறது, மென்று தின்னு என்று தாய்மார் கூறும் ஆட்சேபம் மருத்துவ சாஸ்திரத்தைச் சார்ந்ததாகலின் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆயினும் ஓரிடத்தில் இச்சித்தாந்தம் தோற்பதை மறைத்தல் தகாது. தாளிப்பும் கொதிப்பும் இன்றிப் பச்சையிலையைக் கிள்ளிப் போட வேண்டிய நீர்மோரில், குளிரறை இலை கறுத்த துணிக்கந்தல்போல் மிதந்து விருந்தினரை அச்சுறுத்தும். அந்நாளில் அண்டை வீட்டு மரத்தையே நாட வேண்டும்; அவ்வீட்டு அம்மாள் இரண்டு இணுக்குக் கேட்டவர்க்கு ஒரு கிளையையே ஒடித்துத் தருவாராதலின், மிஞ்சியதைக் கழுவி உலர்த்தும் வேலை அன்று மாலையே தொடங்கிவிடும்.