கூர்கன் ஃபிட்டர்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சோவியத் ஒன்றியத்தில் கால் ஒடிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம். வைத்தியம் பெரும்பாலும் மாவுக்கட்டுதான். இடுப்பிலிருந்து பாதம் வரை பூசி மாதக்கணக்கில் படுக்கப் போடுவார்கள். எலும்பு கூடினால் டாக்டரின் கைராசி. கூடாவிட்டால் நோயாளியின் தலைவிதி. கூடிய கால்கூட, கட்டைப் பிரித்த பிறகு முட்டியை மடக்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் அடம்பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சைபீரியாவின் மேற்கு விளிம்பில், கூர்கன் மாகாணத்துத் தோல்கோவ்கா கிராமத்துக்குப் படிப்பு முடித்த சூடு ஆறாத ஓர் இளைஞரை டாக்டராக அனுப்பினார்கள். பெயர் கவ்ரீல் இலிசாரோவ். காகசஸ் மலையடிவாரத்து ஏழைக் குடும்பம். சின்ன வயதில் கழுவாத பேரிக்காயை வயிறு முட்டத் தின்று சாகக் கிடந்தாராம். ஊர் வைத்தியர் வந்து தண்ணீரைக் குடம் குடமாகப் புகட்டி வாந்தி எடுக்க வைத்துப் பிழைக்க வைத்தாராம். அன்றைக்கே டாக்டராவது என்று முடிவெடுத்தாராம். சோவியத் மருத்துவம் அந்தப் பேரிக்காய்க்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

தோல்கோவ்காவில் பிரசவம், பல், குடல்வால் எல்லாம் அவர் தலையில்தான். கூடவே போரிலிருந்து திரும்பியவர்களின் கூடாத எலும்புகள், சீழ் வடியும் கால்கள். குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போகும்போது, குதிரையின் கழுத்துக்கு மேலே வளைந்து இரண்டு ஏர்க்கால்களையும் அசையாமல் பிடித்திருக்கும் மரவளையத்தைப் பார்த்துத்தான் பொறி தட்டியது என்று ஒரு கதை உண்டு. முதலில் உடைந்த துடைப்பக் கட்டையை வைத்துப் பரிசோதித்தார் என்று இன்னொரு கதை. கம்பிக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்தார் என்று மூன்றாவது. மூன்றையும் கோர்த்தால் ஒரு காயலான் கடையே வந்துவிடும். ஆனால் 1951இல் அவர் கையில் ஒரு கருவி இருந்தது என்பது மட்டும் கதையல்ல.

கருவி இதுதான். காலைச் சுற்றி உலோக வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் மெல்லிய கம்பிகள் தோலையும் எலும்பையும் குறுக்காகத் துளைத்து மறுபக்கம் வந்து, விறைப்பாக இழுத்து முடுக்கப்பட்டிருக்கும். வளையத்துக்கு வளையம் மரைபோட்ட தண்டுகள், நட்டுகள். சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பவர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். மாஸ்கோ பேராசிரியர்களுக்குத்தான் புரியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒல்லிக் கம்பிகள். ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் இழுத்துப் பிடிக்கும்போது நோயாளி அந்தக் காலை ஊன்றி நடக்கவே செய்யலாம். படுக்க வைப்பதையே வைத்தியமாக வைத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்!

தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் அவரை ஃபிட்டர் என்று கேலி செய்தார்கள். திட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் சொன்ன ஒரே துல்லியமான வார்த்தை அதுதான்.

கருவியின் மூல நோக்கம், முறிந்த முனைகளை நெருக்கிப் பிடிப்பது. நோயாளி நட்டைத் திருகத் திருக முனைகள் நெருங்க வேண்டும். ஐம்பதுகளில் ஒரு நோயாளி உற்சாகமாகத் தலைகீழாகத் திருகிவிட்டார் என்கிறார்கள். நெருங்க வேண்டியது விலகியது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் இடைவெளியில் புது எலும்பு முளைத்துக்கொண்டிருந்தது. வேறொரு டாக்டராக இருந்தால் நோயாளியைத் திட்டி, நட்டை மறுபடி சரியாக முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இலிசாரோவ் உட்கார்ந்து யோசித்தார். இவருக்கு மேஜிக் செய்வது பொழுதுபோக்கு. ஆகவே கையில் எதிர்பாராமல் ஒரு முயல் வந்தால் அதைக் கீழே போடத் தெரியாது.

பிறகு பல வருடம் நாய்களிடம் சோதித்து விதியைக் கண்டார். எலும்பின் மேலுறையும் உள்ளே ஓடும் ரத்த ஓட்டமும் கெடாமல் மெதுவாக வெட்ட வேண்டும். சில நாள் சும்மா விட வேண்டும். அப்புறம் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் 0.25 வீதம் நான்கு தவணையாக விலக்க வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு வராது. சோம்பினால் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். கடன்காரனைவிடக் கறாரான தவணை. ஒழுங்காகக் கட்டினால் குட்டைக் கால் நீளும், கோணல் கால் நிமிரும். தசையும் நரம்பும்கூட இழுத்த இழுப்புக்குச் சேர்ந்து வளரும்.

இவ்வளவு இருந்தும் மாஸ்கோ கண் திறக்கவில்லை. அதற்கு வலேரி புரூமெல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழ வேண்டியிருந்தது. புரூமெல் சாதாரண ஆளில்லை; உயரம் தாண்டுதலில் 1963இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 1965இல் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர் விபத்தில் வலது காலைச் சிதைத்துக்கொண்டார். தலைநகரத்து நிபுணர்கள் அறுத்தார்கள், ஒட்டினார்கள், மறுபடி அறுத்தார்கள். கால் குட்டையானதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் 1968இல் அவர் இலிசாரோவ் இருந்த கூர்கனுக்கு வண்டி ஏறினார். ஃபிட்டர் வளையங்களை மாட்டினார். புரூமெல் மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். பல வருடம் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளால் சாதிக்க முடியாததை ஒரு கால் சாதித்தது.

அதே 1968இல் இலிசாரோவ் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் பெர்ம் நகரத்துக்குப் போனார். கேட்டது கீழ்ப்படிப் பட்டம். தேர்வுக்குழு கேட்டுவிட்டு, அடுத்த படியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியது. வட்டியும் முதலுமாக!

இரும்புத் திரைக்கு வெளியே செய்தி போனது இன்னும் வேடிக்கை. இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி, 1958இல் காஷர்பிரம் 4 சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த இருவரில் ஒருவர். பனிச்சறுக்கில் ஒடிந்த கால் வருடக்கணக்கில் சரியாகவில்லை. தோர் ஹேயர்தாலோடு நாணல் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பியபோது கூட வந்த டாக்டர், யூரி சென்கேவிச் என்ற ரஷ்யர். நடுக்கடலில் நொண்டும் ஆளைப் பார்த்தால் அவர் சும்மா இருப்பாரா? இலிசாரோவைப் பற்றிச் சொன்னார். கடைசியில் 1980இல் மௌரி கூர்கன் போனார். சரியான காலோடு திரும்பினார். பத்திரிகையில் இலிசாரோவை எலும்பு வைத்தியத்தின் மைக்கேலாஞ்சலோ என்று எழுதினார். ஃபிட்டருக்குப் பதவி உயர்வு.

1981இல் கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜியோ நகரத்தில் ஒரு மாநாட்டுக்கு இலிசாரோவை அழைத்தார்கள். கூட்டியவர்கள் யார் என்பதுதான் நகைச்சுவை: எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்து ஆடாமல் அசையாமல் இறுக்க வேண்டும் என்று உலகுக்கே பாடம் நடத்திய சுவிஸ் பள்ளியின் இத்தாலியச் சீடர்கள். அவர்கள் முன்னால் ஒரு சைபீரிய மீசைக்காரர் நின்று, இழுத்தால் எலும்பு முளைக்கும் என்று எக்ஸ்-ரே படங்களை வரிசையாகக் காட்டினார். பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு இத்தாலி டாக்டர்கள் கூர்கனுக்குப் படையெடுத்தார்கள்.

இன்று அந்தக் கருவி போட்டவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு ஒரு 10 எம்.எம். ஸ்பேனரும் கையில் வரும். நட்டுப் பக்கத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டு அனுப்பும் டாக்டர்களும் உண்டு. இன்னொரு கண்டுபிடிப்பு அவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது.